தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ரேடியேட்டர் வரலாமா? கஸ்டம் வாட்டர் கூலிங் லூப்பில் பம்பின் இடம்

கேள்வி கேட்டவர்: வேலூர்_வெயில்

நண்பர்களுக்கு வணக்கம். ரைசன் 9 5900எக்ஸ் பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டும் உள்ள என் கணினிக்கு முதன்முறையாக கஸ்டம் லூப் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் தண்ணீர்க் குளிரூட்டும் சுற்று) அமைக்கவிருக்கிறேன். பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. டியூபை வெட்டத் தொடங்குவதற்கு முன் பம்பை எங்கே பொருத்துவது என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கேபினெட் இரண்டு அறைகள் கொண்டது. முன் அறையில் மதர்போர்டும், அதன் மேலும் கீழும் ஆளுக்கொரு 360 மி.மீ. ரேடியேட்டரும் இருக்கும். பின் அறையில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), வயர்கள், ஹார்ட் டிஸ்க் கூண்டு ஆகியவை இருக்கின்றன. என்னிடம் இருப்பது வேகத்தைத் திருகி மாற்றும் வகையிலான டி5 பம்ப். அதன் மூடி தனி, உருளை வடிவத் தொட்டி தனி. தொட்டியை முன் அறையின் பக்கவாட்டு ஃபேன் சட்டத்தில், கேபினெட்டின் பாதி உயரத்திலிருந்து மேல்நோக்கிப் பொருத்த முடிகிறது. அதற்கு நேர் கீழே தரை முழுவதையும் கீழ் ரேடியேட்டரும் அதன் ஃபேன்களும் அடைத்துக்கொள்வதால் பம்புக்கு அங்கே இடமில்லை.

ஆகவே பம்ப் பின் அறைக்குப் போகவேண்டும். ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றிவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் தரையில் இடம் கிடைக்கிறது. அப்படிச் செய்தால் டியூப் குறைவாகச் செலவாகும் வழி, தொட்டியிலிருந்து கீழ் ரேடியேட்டருக்கும், அங்கிருந்து சுவர் ஓட்டை வழியாகப் பின்னால் உள்ள பம்புக்கும், பிறகு பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மேல் ரேடியேட்டர் வழியாக மீண்டும் தொட்டிக்கும் போவதுதான். இன்னொரு வழியும் தோன்றுகிறது. பின் அறையின் மேற்பகுதி காலியாகவே இருப்பதால், பம்பைத் தலைகீழாக, மோட்டார் மேலேயும் இன்லெட் (தண்ணீர் நுழையும் வாய்) கீழேயும் இருக்கும்படி அங்கே தொங்கவிடலாம்.

என் குழப்பம் இதுதான். லூப்பில் பாகங்களின் வரிசை முக்கியமே இல்லை என்று ஒரு தரப்பினர் உறுதியாகச் சொல்கிறார்கள். தொட்டிக்கு அடுத்தது பம்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பினர் அதே உறுதியோடு சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? நடுவே ரேடியேட்டர் வந்தால் பம்புக்குக் கேடு உண்டா? தொட்டியிலிருந்து பம்ப் நாற்பது செ.மீ. தள்ளியிருப்பது அதிகமா?


பதில்: குழாயடி

இரண்டு தரப்பினர் சொல்வதும் சரிதான். அவர்கள் பேசுவது வெவ்வேறு விஷயங்களைப் பற்றி. வரிசை முக்கியமில்லை என்பது வெப்பநிலையைப் பற்றிய பேச்சு. தொட்டிக்கு அடுத்தது பம்ப் என்பது பம்பின் வாய்க்குத் தடையில்லாமல் தண்ணீர் வந்து சேர்வதைப் பற்றிய பேச்சு.

முதலில் வெப்பநிலையை முடித்துவிடலாம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4180 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில், தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதற்கு ஏறத்தாழ 279 வாட் வெப்பம் உள்ளே போகவேண்டும். உங்கள் பிராசசர் தன் வழக்கமான வரம்பில் அதிகபட்சம் 142 வாட்டும், கிராபிக்ஸ் கார்டு 320 வாட்டும் எடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடினால்கூட, லூப்பின் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் மிகச் சூடான இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 1.7 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஓட்டம் பாதியாகி 2 லிட்டராகக் குறைந்தால் அது 3.3 டிகிரி ஆகும்; அவ்வளவுதான். ஆகவே எந்தப் பிளாக் (சிப்பின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) முன்னால், எந்த ரேடியேட்டர் பின்னால் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டியூப் அழகாக எப்படி வளைகிறதோ அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பம்பின் விஷயம் அப்படியல்ல. டி5, டிடிசி என்று நாம் வாங்கும் பம்புகள் எல்லாமே மையவிலக்கு வகையைச் சேர்ந்தவை. ஊரில் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு பழுதாகிவிட்டால், பம்பின் தலையில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் அது இழுக்காது என்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே குணம்தான் இந்தக் கைப்பிடி அளவு பம்புக்கும். இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் நன்றாகத் தள்ளும். காற்று இருந்தால் வெறுமனே சுழலும். வெறுமனே சுழல்வதிலும் ஆபத்து இருக்கிறது. டி5 பம்பின் ரோட்டர் ஒரு சிறிய பீங்கான் குண்டின் மேல் அமர்ந்து சுழல்கிறது, அந்த இடத்துக்கு மசகு எண்ணெயாக இருப்பது லூப்பில் ஓடும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் பேரிங் தேய்ந்து, பிறகு எப்போதும் ஒரு கரகரப்பு இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் முதல் திட்டத்துக்கு வருகிறேன். தொட்டி, கீழ் ரேடியேட்டர், பம்ப் என்ற வரிசை ஓடுமா என்றால் ஓடும். ரேடியேட்டரின் குழாய்கள் அகலமானவை, எண்ணிக்கையிலும் அதிகம். பிளாக்குகளின் நுண்ணிய துடுப்புகளோடு ஒப்பிட்டால் அதன் தடை குறைவு. தொட்டியின் நீர்மட்டம் பம்பைவிட முப்பது செ.மீ. உயரத்தில் இருக்கும் என்பதால், அந்த எடையும் பம்பின் வாய்க்குத் தண்ணீரைத் தள்ளிக்கொடுக்கும். லூப் நிரம்பி, காற்று முழுவதும் வெளியேறிய பிறகு உங்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

தொல்லை எல்லாம் நிரப்பும் நேரத்தில்தான் வரும். படுக்கவைத்த ரேடியேட்டரின் இரு முனைக் கலங்களிலும் காற்று தங்கும். மேலே தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை எதிர்த்து, அதே ஒடுங்கிய டியூப் வழியாக அந்தக் காற்று ஏறி வெளியேற வேண்டும்; பெரும்பாலும் அது ஏறாது. நீங்கள் பம்பை ஓடவிட்டதும் அந்தக் காற்று கொத்துக் கொத்தாக இன்லெட்டுக்குள் வரும், பம்ப் ஏர் லாக் ஆகும் (காற்று அடைத்துத் தண்ணீர் நகராது), நிறுத்திவிட்டுக் கேபினெட்டைச் சாய்ப்பீர்கள், மறுபடியும் ஓட விடுவீர்கள். தொட்டி நேரடியாகப் பம்புக்கு மேலே இருந்தால் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் லூப்பைச் சுற்றி வரும் காற்று தொட்டிக்குள் விழுந்து மேலே பிரிந்துவிடும், கீழே பம்புக்குத் தண்ணீர் மட்டுமே போகும். தொட்டி இருப்பதன் முதல் வேலையே இந்தப் பிரிப்புதான். அதற்கும் பம்புக்கும் நடுவே காற்று தங்கக்கூடிய இன்னொரு பாகத்தை வைப்பது அதன் பயனைப் பாதியாக்கிக்கொள்வது போலாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிய ரேடியேட்டர்களுக்குள் பற்றவைப்பின்போது மிஞ்சிய ஃபிளக்ஸும் ஈயத் துணுக்குகளும் இருக்கும். எவ்வளவு அலசினாலும் ஒன்றிரண்டு பின்னால் வெளிவரும். ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீர் தொட்டியில் விழுந்தால், கனமான துணுக்கு அங்கே படிய ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். நேராகப் பம்புக்குப் போனால் முதலில் அது சந்திப்பது நான் மேலே சொன்ன பீங்கான் குண்டைத்தான்.

ஆகவே என் யோசனை, பம்பை நீங்கள் சொன்ன பின் அறைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, தொட்டியின் அடிவாயிலிருந்து நேராக ஒரு டியூபைப் பம்புக்குக் கொண்டுபோங்கள் என்பதுதான். நாற்பது செ.மீ. தூரம் ஒரு பொருட்டே அல்ல. கவனிக்க வேண்டியது, அந்த டியூப் தொட்டியிலிருந்து பம்புவரை தொடர்ந்து கீழ்நோக்கியே இறங்க வேண்டும் என்பதை. சுவர் ஓட்டையைத் தாண்டுவதற்காக ஓரிடத்தில் மேலே ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று குந்திக்கொள்ளும். பம்பிலிருந்து வெளிவரும் தண்ணீர் கீழ் ரேடியேட்டர், கிராபிக்ஸ் கார்டு, பிராசசர், மேல் ரேடியேட்டர் என்று போய்த் தொட்டிக்குத் திரும்பட்டும். சுவரைத் தாண்டும் டியூப் ஒன்று கூடுதலாகும். அந்தச் செலவு தகும்.

தலைகீழாகத் தொங்கவிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மோட்டார் மேலே இருந்தால், காற்று இயல்பாக மேலேறி ரோட்டர் இருக்கும் கிண்ணத்துக்குள் சேரும். பேரிங் இருப்பதும் அங்கேதான். டி5 பம்பை நிமிர்த்தியும் வைக்கலாம், படுக்கவைத்தும் வைக்கலாம், கவிழ்த்து மட்டும் வைக்கக் கூடாது.


பதில்: கோடைக்காற்று

மேலே உள்ள பதிலில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் ரேடியேட்டரைப் பம்புக்கு முன் வைப்பதில் ஒரு நன்மை இருப்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். டி5 பம்பின் மோட்டார் தன் வெப்பத்தை லூப்பின் தண்ணீருக்குத்தான் கொடுக்கிறது. அதாவது தண்ணீர்தான் அதற்குக் குளிரூட்டி. கேள்வி கேட்டவர் வேலூரில் இருக்கிறார். ஏசி இல்லாத அறையில் மே மாதம் வெளிக்காற்றே நாற்பது டிகிரியைத் தொடும் ஊர் அது. தண்ணீர் அதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருந்தாலே ஐம்பது ஆகிவிடும். இந்தப் பம்புகளுக்குத் திரவத்தின் உச்ச வரம்பாக வழக்கமாகக் குறிப்பிடப்படுவது 60 டிகிரி. அந்த நிலையில் ரேடியேட்டரிலிருந்து வெளிவரும் குளிர்ந்த நீர் முதலில் பம்புக்குப் போவது நல்லதல்லவா? என் லூப் அப்படித்தான் இருக்கிறது, நிரப்பும்போது சற்றுப் பொறுமை தேவைப்பட்டதே தவிர வேறு குறை எதையும் நான் காணவில்லை.

டிடிசி பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் மின்சுற்றுப் பலகை பம்பின் அடிப்பகுதியில் இருப்பதால், அடியில் காற்றோட்டம் வேண்டும் அல்லது உலோக ஹீட் சிங்க் வேண்டும். காற்றே அசையாத பின் அறைக்கு 18 வாட் டிடிசி ஏற்றதல்ல.


பதில்: சில்லர்_பொறியாளர்

கட்டடங்களின் ஏசி அமைப்புகளில், குளிர்நீர்க் குழாய்களோடு வேலை செய்பவன் நான். அங்கேயும் மூடிய சுற்றுதான், அங்கேயும் இதே கேள்விதான், அளவு மட்டும்தான் வேறு. விரிவுத் தொட்டியைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இணைக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கும் சொல்லித்தரப்படும் விஷயம். காரணம் ஏர் லாக் மட்டுமல்ல. அழுத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதும் ஒரு காரணம்.

உங்கள் தொட்டியில் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் காற்று இருக்கிறது. மூடியை அடைத்தபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருந்தது. பம்ப் ஓடினாலும் அந்தக் காற்றின் கன அளவு மாறுவதில்லை, ஆகவே அதன் அழுத்தமும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். லூப் முழுவதிலும் பம்பால் அசைக்க முடியாத ஒரே இடம் அதுதான். மற்ற இடங்களின் அழுத்தத்தை எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

டி5 பம்பின் உச்ச ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) 3.9 மீட்டர், அதாவது 0.38 பார். ஓட்டத்தின்போது மூன்று மீட்டர் அளவுக்குத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டி பம்புக்குச் சற்று முன்னால் இருந்தால், பம்பின் இன்லெட் வெளிக்காற்றின் அழுத்தத்திலும், அவுட்லெட் அதைவிட 0.3 பார் கூடுதலாகவும் இருக்கும்; அங்கிருந்து ஒவ்வொரு பாகத்தையும் கடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து தொட்டியில் வந்து மறுபடியும் சமமாகும். லூப்பின் எந்த இடமும் வெளிக்காற்றைவிடக் குறிப்பிடும்படி தாழ்ந்த அழுத்தத்துக்குப் போவதில்லை.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். பம்பின் அவுட்லெட்டை ஒட்டித் தொட்டி இருந்தால், அவுட்லெட் வெளிக்காற்றின் அழுத்தத்தில் நிற்கும்; பிளாக்குகள், ரேடியேட்டர்கள் எல்லாம் அதற்குக் கீழே இறங்கி, இன்லெட் 0.3 பார் குறைவில் இருக்கும். ஓட்டத்தின் அளவு மாறாது, பம்பும் சுழலும். ஆனால் சரியாக இறுகாத ஃபிட்டிங் ஒன்று இருந்தால், அது தண்ணீரை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். சொட்டு விழாததால் கசிவு இருப்பதே தெரியாது. தொட்டியில் குமிழிகள் ஓயாமல் வருவது மட்டும் தெரியும். மென்மையான டியூப் சூடான நிலையில் வளைவுகளில் சப்பையாகவும் கூடும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் பிரிந்து வெளிவரும். தண்ணீரே கொதிநிலைக்கு வந்து இம்பெல்லர் அரிக்கப்படும் என்று சிலர் பயமுறுத்துவார்கள்; அது இந்த அளவில் நடக்காது. 40 டிகிரித் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அழுத்தம் 7.4 கிலோபாஸ்கலுக்கு இறங்க வேண்டும், இங்கே மிகமோசமான நிலையிலும் எழுபது கிலோபாஸ்கல் மிச்சமிருக்கும்.

கேள்வி கேட்டவரின் திட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே இருப்பது தடை குறைந்த ரேடியேட்டர் ஒன்றுதான் என்பதால், இன்லெட்டில் அழுத்தம் குறைவது சிறு அளவே. தொட்டி உயரத்தில் இருப்பதால் கிடைக்கும் 3 கிலோபாஸ்கல் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆனால் அதே இடத்தில் ஒரு பிளாக்கை வைத்தால் கதை வேறு. நடுவே ஏதாவது வந்தே தீரவேண்டும் என்றால் ரேடியேட்டரை வைக்கலாம். பிளாக், ஃபில்டர், ஃப்ளோ மீட்டர் ஆகியவற்றைக் கண்டிப்பாக வைக்கக் கூடாது. ஃபில்டர் அடைக்க அடைக்க இன்லெட் பட்டினி கிடக்கும்.

'கோடைக்காற்று' நண்பர் சொன்ன வெப்பக் காரணத்தை நான் ஏற்கவில்லை. முதல் பதிலின் கணக்கே அதற்கு விடை சொல்கிறது. லூப்பின் இரு எல்லைகளுக்கும் நடுவே இருப்பதே 1.7 டிகிரி, நீங்கள் சொல்லும் லூப்பில் பம்புக்கு முன்னால் இருப்பது இரண்டு ரேடியேட்டர்களில் ஒன்று மட்டும், ஆகவே பம்புக்குக் கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ ஒரு டிகிரிக்கும் கீழே. 50 டிகிரித் தண்ணீரைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து ஃபேன் வேகமும், கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பைக் கொஞ்சம் குறைப்பதும், முடிந்தால் அறைக்கு ஏசியும்தான். பம்பை எங்கே மாற்றி வைத்தாலும் அந்தத் தண்ணீர் 49 டிகிரிக்குக்கூட வராது.


மறுமொழி: வேலூர்_வெயில்

மிக்க நன்றி. அழுத்தத்தைத் தொட்டியிலிருந்து கணக்கிட வேண்டும் என்ற விளக்கத்துக்குப் பிறகு, இதுவரை நான் பார்த்த முரண்பட்ட அறிவுரைகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

இன்று பின் அறையை அளந்து பார்த்தேன். பம்பை நிமிர்த்தி வைத்தால் இன்லெட்டில் வளைவு ஃபிட்டிங் போட்ட பிறகு சுவர் ஓட்டையைவிட உயரமாகிவிடுகிறது; அதாவது டியூப் இறங்கி மறுபடியும் ஏற வேண்டியிருக்கிறது. படுக்கவைத்தால் இன்லெட் சுவரை நோக்கித் திரும்பி, தொட்டியிலிருந்து வரும் டியூப் சரிவாகவே வந்து சேர்கிறது. படுக்கவைக்கும்போது அவுட்லெட் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? பம்பின் திருகு 1 முதல் 5 வரை இருக்கிறது. நிரப்பும்போது எதில் வைக்க வேண்டும், பிறகு எதில் ஓட்ட வேண்டும்? மேல் ரேடியேட்டர்வரை தண்ணீரை ஏற்றும் வலு அதற்கு இருக்குமா என்பதும் ஒரு சந்தேகம்.


பதில்: குழாயடி

படுக்கவைப்பது நல்ல தீர்வு. பம்பின் மூடியைத் திருகி இறுக்கும் முன், அவுட்லெட் மேல்நோக்கி இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். இம்பெல்லர் சுழலும் கூட்டுக்குள் காற்று இருந்தால் அது மேல்புறத்தில்தான் சேரும். வாசல் அங்கேயே இருந்தால் முதல் தள்ளலிலேயே வெளியேறிவிடும். அவுட்லெட் கீழ்நோக்கி இருந்தால் அந்தக் காற்று உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும், நீங்கள் பம்பின் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு ரப்பர் மெத்தை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இன்லெட் எது, அவுட்லெட் எது என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்: இம்பெல்லரின் நடுக்கண்ணுக்கு நேராக இருப்பது இன்லெட், விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெளியேறுவது அவுட்லெட். மாற்றிப் போட்டால் பம்ப் தண்ணீரைத் தொட்டியை நோக்கித் திருப்பித் தள்ளும்.

ஏற்றும் வலுவைப் பற்றிக் கேட்டீர்கள். லூப் நிரம்பிவிட்டால் உயரம் ஒரு கணக்கே இல்லை, ஏனென்றால் ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீரின் எடை சமன் செய்துவிடும். பம்பின் வேலை உராய்வை வெல்வது மட்டும்தான். நிரப்பும்போது அப்படியல்ல. இறங்கும் டியூபில் காற்று இருக்கும்வரை, ஏறுவதற்குச் செலவழித்த உயரம் திரும்பக் கிடைப்பதில்லை. பம்பிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு ஏற்றம், பிராசசரிலிருந்து மேல் ரேடியேட்டருக்கு ஒரு ஏற்றம் என்று அவை ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். பம்பின் ஹெட்டோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவது. 5ஆம் எண்ணில் நிமிடத்துக்கு 4800 சுற்றுக்கு 3.9 மீட்டர் என்றால், 1ஆம் எண்ணில் 1800 சுற்றுக்கு அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும் அளவே கிடைக்கும், அதாவது ஒரு கேபினெட்டின் உயரம். முதல் எண்ணில் வைத்து நிரப்ப முயன்றுவிட்டுப் பம்பில் கோளாறு என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பம்ப் நிரம்பிய லூப்பில் அதே எண்ணில் அமைதியாக ஓடும்.

ஆகவே தொட்டியை நிரப்பி, 4 அல்லது 5ஆம் எண்ணில் வைத்து, ஓரிரு வினாடிகள் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். தொட்டியின் மட்டம் சட்டென்று இறங்கும். மறுபடியும் நிரப்பி மறுபடியும் ஒரு தள்ளல். தொட்டியின் அடிவாய் ஒருபோதும் தண்ணீருக்கு வெளியே தெரியக் கூடாது. இந்த நேரத்தில் பம்பைத் தவிர வேறு எதற்கும் மின்சாரம் போகக் கூடாது. மதர்போர்டின் 24 பின் இணைப்பைக் கழற்றி, அதில் ஜம்பர் செருகியைப் போட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இயக்குங்கள். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைக்கும் பழைய முறை, எல்லா வயரும் கறுப்பாகவே வரும் இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் ஆபத்தானது. கிராபிக்ஸ் கார்டு, பிராசசர் ஆகியவற்றின் மின்வயர்களையும் அப்போது கழற்றி வைத்திருங்கள். தண்ணீர் சுற்றி வரத் தொடங்கிய பிறகு கேபினெட்டை நான்கு பக்கமும் மெதுவாகச் சாய்த்தால் மேல் ரேடியேட்டரில் தங்கிய காற்று தொட்டிக்கு வரும்.

பிறகு 2 அல்லது 3ஆம் எண் போதும். ஓட்டம் ஓரளவைத் தாண்டிய பிறகு, வேகத்தைக் கூட்டினால் வெப்பநிலை குறைவது அற்பமே. இரைச்சல் மட்டும் கூடும். தொட்டிக்குள் சுழி உண்டாகிக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள்; இழுத்தால் ஓர் எண் குறையுங்கள் அல்லது நீர்மட்டத்தை உயர்த்துங்கள். மென்மையான டியூப் வழியாகத் தண்ணீர் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகும் என்பதால், தொட்டியைப் பாதி மட்டத்தில் விட்டுவிட்டு மறந்துவிட வேண்டாம்.


பதில்: சில்லர்_பொறியாளர்

மின் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டி5 முழுவேகத்தில் 23 வாட் எடுக்கும், அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.9 ஆம்பியர். மதர்போர்டின் சாதாரண ஃபேன் இணைப்பு 1 ஆம்பியருக்கே வடிவமைக்கப்பட்டிருக்கும். பம்புக்கு மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகத்தான் வரவேண்டும். சுழற்சியைத் தெரிவிக்கும் ஒற்றை வயரை மட்டும் மதர்போர்டின் பிராசசர் ஃபேன் இணைப்பில் செருகுங்கள். பம்ப் நின்றுவிட்டால் கணினி தொடங்கும்போதே எச்சரிக்கை கிடைக்கும்.


பதில்: கோடைக்காற்று

வெப்பக் கணக்கை ஏற்கிறேன்; ஒரு டிகிரிக்காக என் லூப்பைக் கலைக்கப் போவதில்லை, ஆனால் அடுத்த முறை தொட்டியைப் பம்போடு சேர்த்தே வாங்குவேன். கேள்வி கேட்டவருக்கும் அதைச் சொல்லலாம்: டி5 வகை மோட்டார்கள் பெரும்பாலும் ஒரே அளவில் வருவதால், மோட்டாரை வைத்துக்கொண்டு, தொட்டியும் மூடியும் ஒன்றாக இணைந்த உடல்பகுதியை மட்டும் பின்னாளில் வாங்கி மாற்றிக்கொள்ள முடியும்.

பின் அறைத் தரையில் பம்பைத் திருகும் முன் அடியில் சிலிக்கோன் அல்லது ஸ்பாஞ்ச் மெத்தை போடுங்கள். மெல்லிய தகடு பம்பின் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். பம்புக்குப் போகும் டியூப் மட்டுமாவது மென்மையானதாக இருக்கட்டும். கடினக் குழாய் போட்டால் அதிர்வு அதன் வழியாகவே கேபினெட் முழுவதும் பரவும். பம்ப்தான் லூப்பின் மிகத் தாழ்ந்த இடம் என்பதால், அதன் அவுட்லெட்டுக்கு அடுத்து ஒரு டி வடிவ ஃபிட்டிங்கும் பால் வால்வும் போட்டுவிட்டால் தண்ணீர் மாற்றும் நாளில் கேபினெட்டைத் தலைகீழாகத் தூக்க வேண்டியிருக்காது. அந்த வால்வு எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கம் திரும்பாமல், பின் அறையின் கதவுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.